ஊற்றை அடைத்தவர்கள்: 'ழான் த ஃப்ளோரெட்', 'மனோன்' படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இரண்டு பிரெஞ்சுப் படங்களையும் பார்க்கச் சொல்லி நான் நச்சரிக்காத நண்பர்கள் குறைவு. பார்ப்பதற்கு முன் அவர்கள் கேட்கும் கேள்விகள் ஒரு ரகம். பார்த்து முடித்த ராத்திரி போன் போட்டுக் கேட்பவை வேறு ரகம். திரும்பத் திரும்ப வந்தவற்றை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். முதல் பாதியை யாரும் படிக்கலாம். இரண்டாம் பாதியில் முடிவு வரை கதை வந்துவிடும். அங்கே ஒரு எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், என்ன கதை?

1920-கள். தெற்குப் பிரான்சில் புரோவான்ஸ் மலைப்பகுதி. ராணுவச் சேவை முடிந்து ஊர் திரும்பும் உகோலின், கையோடு கார்னேஷன் பூச்செடிகளைக் கொண்டுவருகிறான். அவன் குடும்பத்துப் பெரியவர் சேசார் சூபேரானுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. பூவுக்குச் சந்தையில் கிடைக்கும் விலையைக் கண்டதும் கிழவரின் கண் விரிகிறது. ஆனால் பூ வளர்க்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பக்கத்து நிலத்தில் இருக்கிறது. அந்த நிலத்துக்காரன் விற்க மாட்டேன் என்கிறான், கைகலப்பில் செத்தும் போகிறான். நிலம் மலிவாகக் கைக்கு வரட்டும் என்று பெரியவரும் உகோலினும் அங்கிருக்கும் ஊற்றைச் சிமெண்ட் வைத்து அடைத்து மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். அப்புறம்தான் நிலத்துக்கு ஒரு வாரிசு வந்து சேர்கிறார். நகரத்தில் வரி வசூலிக்கும் வேலையில் இருந்தவர், கூன் முதுகுக்காரர், புத்தகம் படித்தே விவசாயம் கற்றுக்கொண்டவர். மனைவியையும் சின்ன மகள் மனோனையும் கூட்டிக்கொண்டு வருகிறார். அவர்தான் ழான்.

தன் நிலத்துக்குள் ஊற்று இருப்பது தெரியாமல் ஒருவர் தண்ணீருக்குத் தவிப்பதை, தெரிந்தவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இதுதான் முதல் படம்.

ஒரு படமா, இரண்டு படமா? எதை முதலில் பார்ப்பது?

ஒரே கதை, இரண்டு படங்கள். 'ழான் த ஃப்ளோரெட்' 1986 ஆகஸ்டில் வந்தது. 'மனோன் தே சூர்ஸ்' அதே ஆண்டு நவம்பரில். இரண்டையும் சேர்த்தே படமாக்கினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 2 மணி நேரம். கண்டிப்பாக ழானில் தொடங்குங்கள். இரண்டாவதை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒரு பெண்ணின் பழிவாங்கலாகத்தான் தெரியும். அந்தப் பழிக்குப் பின்னால் இருக்கும் கடன் முதல் படத்தில்தான் இருக்கிறது. என் யோசனை: நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். முதல் படம் முடிந்த கையோடு அடுத்ததைப் போட்டால் அந்த வலி உறைக்காமலே போய்விடும்.

துப்பறிவாளர் இல்லை, துரத்தல் இல்லை. இதை எப்படிக் குற்றப்படம் என்கிறீர்கள்?

உயிர் போகிறது. அதற்குக் காரணமானவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். சொத்து கைமாறுகிறது. சாட்சி இருக்கிறது, வாக்குமூலம் இருக்கிறது, ஊர் கூடி விசாரிக்கிறது, தண்டனையும் கிடைக்கிறது. குற்றக்கதைக்கு வேறு என்ன வேண்டும்?

யார் செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் இதில் கிடையாது. குற்றத்தை நம் கண்முன்னே செய்துகாட்டிவிட்டு, செய்தவர்களோடேயே நம்மையும் உட்கார வைத்துவிடுகிறார்கள். ழானைவிட நமக்கு அதிகம் தெரியும். சொல்ல வழியில்லை. முதல் படம் முழுக்க எனக்குத் தொண்டை அடைத்தபடியே இருந்ததற்கு இதுதான் காரணம்.

தலைப்புக்கு என்ன பொருள்?

'ழான் த ஃப்ளோரெட்' என்றால் 'ஃப்ளோரெட்டின் ழான்'. அதாவது ஃப்ளோரெட் பெற்ற பிள்ளை. ஆளைத் தாயின் பேரோடு சேர்த்து அழைப்பது அந்த மலைக்கிராமத்து வழக்கம். காகிதத்தில் அவர் பேர் ழான் கதோரே. ஆனால் தலைப்பில் தகப்பன் பேர் இல்லை, தாயின் பேர்தான் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். இதற்குமேல் இங்கே சொல்ல முடியாது.

'மனோன் தே சூர்ஸ்' என்றால் 'ஊற்றுகளின் மனோன்'. பெரியவரை உகோலின் 'பாப்பே' என்று கூப்பிடுவான். புரோவான்ஸ் வட்டார மொழியில் தாத்தா என்று பொருள். பெற்ற பிள்ளையே இல்லாத ஒரு மனிதரை ஊர் முழுக்கத் தாத்தா என்று அழைக்கிறது.

யார் எடுத்தது? கதை யாருடையது?

இயக்கியவர் குளோத் பெரி. திரைக்கதையை ழெரார் பிராக்கோடு சேர்ந்து எழுதினார். ஒளிப்பதிவு புருனோ நுய்தென். அந்தக் காலத்துப் பிரெஞ்சு சினிமாவில் அதுவரை இல்லாத அளவுக்குப் பணம் போட்டு எடுத்தார்கள். போட்டது வீண்போகவில்லை. பிரான்சில் மட்டும் முதல் படத்துக்கு 70 லட்சத்துக்கு மேல் டிக்கெட், இரண்டாவதுக்கு 60 லட்சத்துக்கு மேல்.

கதை மார்செல் பன்யோலுடையது. 1895-இல் ஓபாஞ் ஊரில் பிறந்து அந்த மலைகளில் ஓடித் திரிந்து வளர்ந்தவர். நாடகாசிரியர், நாவலாசிரியர், இயக்குநர். 1946-இல் பிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பான பிரெஞ்சு அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சினிமாக்காரர் ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுதான் முதல் முறை.

பன்யோலே இதை முன்பு எடுத்திருக்கிறாராமே?

ஆமாம். 1952-இல் தன் மனைவி ஜாக்லீன் பன்யோலை மனோனாக நடிக்க வைத்து எடுத்தார். உகோலினாக ரெல்லிஸ். மிக நீளமான படம், வெட்டித்தான் வெளியிட்டார்கள். அதில் ழானின் கதை நடந்து முடிந்த ஒன்றாக, பிறர் பேச்சில்தான் வருகிறது. பத்து வருடம் கழித்து அதே கதையை நாவலாக எழுத உட்கார்ந்தபோதுதான் பன்யோல் பின்னோக்கிப் போய், தகப்பனின் வாழ்க்கையை ஒரு முழு பாகமாக எழுதினார். இரண்டு பாகமும் சேர்ந்து 'மலைகளின் நீர்' என்ற பேரில் 1960-களின் தொடக்கத்தில் வந்தது. படத்திலிருந்து நாவல், நாவலிலிருந்து மறுபடி படம். வழக்கமாக இது நேர்மாறாகத்தானே நடக்கும்? பன்யோல் 1974-இல் இறந்துவிட்டார். பெரியின் படங்களை அவர் பார்க்கவில்லை.

நடிகர்கள் யார்?

பாப்பேயாக ஈவ் மோந்தான். இத்தாலியில் பிறந்து மார்செய்யில் வளர்ந்தவர், பாடகராகவே பெரும் பேர் எடுத்தவர். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1985 செப்டம்பரில் அவருடைய மனைவி, நடிகை சிமோன் சின்யோரே இறந்துபோனார். அது தெரிந்தபின் இரண்டாம் படத்தின் கடைசி இருபது நிமிடங்களில் அந்த முகத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

ழானாக ழெரார் தெபார்தியு. ழானின் மனைவி எமேயாக வருபவர் அப்போது நிஜ வாழ்விலும் அவர் மனைவியாக இருந்த எலிசபெத் தெபார்தியு. வளர்ந்த மனோன் இம்மானுவேல் பெஆர்.

ஆனால் இந்தப் படங்களைத் தோளில் சுமப்பவர் உகோலினாக வரும் தனியேல் ஓத்தேய்தான். அதுவரை நகைச்சுவைப் படங்களில்தான் மக்கள் அவரை அதிகம் பார்த்திருந்தார்கள். இதற்காகச் சிறந்த நடிகருக்கான, பிரான்சின் தேசியத் திரைப்பட விருதான செசாரும், பிரிட்டனின் பாஃப்டா துணை நடிகர் விருதும் வாங்கினார். பெஆருக்குத் துணை நடிகைக்கான செசார். முதல் படம் சிறந்த படத்துக்கான பாஃப்டாவையும் வென்றது.

ஒரு ஊற்றுக்காக இவ்வளவு தூரம் போவார்களா?

அந்த மண்ணைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி வராது. புரோவான்ஸின் அந்தப் பகுதி சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் நீர் தரையில் தேங்காது. பாறை வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கிக் குகைகளிலும் பிளவுகளிலும் ஓடி, கீழே நீர் இறங்காத அடுக்கு ஒன்று தடுக்கும் இடத்தில்தான் ஊற்றாக வெளியே வரும். எங்கே வரும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கோடை நீளமானது, வறண்டது. வடக்கிலிருந்து மிஸ்ட்ரால் காற்று இருக்கிற ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போகும். தெற்கிலிருந்து சிரோக்கோ சஹாராவின் தூசியைக் கொண்டுவந்து கொட்டும். இரண்டும் படத்தில் ஒரு பாத்திரம் மாதிரியே வருகின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் ஊற்று உள்ள நிலமும் ஊற்று இல்லாத நிலமும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பாப்பே போட்ட கணக்கு அதுதான். ஊற்றை மூடினால் நிலம் வெறும் கல்லும் முள்ளும். வாங்கியபின் திறந்தால் தங்கம்.

எந்த ஊற்று எங்கே இருக்கிறது என்பது அங்கே குடும்ப ரகசியம். வேட்டைக்காரனும் ஆடு மேய்ப்பவனும் வாய் திறக்க மாட்டார்கள். தன் ஊற்றைப் பற்றிய அறிவைச் சொத்து மாதிரி காப்பதும், அடுத்தவன் ஊற்றைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் அங்கே ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தன் நிலத்து ஊற்றை உரிமையாளர் தன் தேவைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஓர் ஊர் மக்களுக்கு அவசியமான நீரைப் பறிக்கும் விதத்தில் பயன்படுத்தக்கூடாது என்று பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 642-ஆம் பிரிவு சொல்கிறது. ஊரின் தாகத்தைச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது. அடுத்தவன் நிலத்தில் புகுந்து ஊற்றை அடைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

தெரிந்தும் பேசாமல் இருந்தவர்களின் பொறுப்பு வேறு விஷயம். ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் இருப்பதே குற்றம் என்ற சட்டம் பிரான்சில் 1940-களில்தான் வந்தது. கதை நடக்கும் காலத்தில் அது இல்லை.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

முதல் படத்தைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு, பக்கத்தில் உட்கார்ந்து பேசியபடி பார்க்கலாம். ஒரு சிறுமியின் கண் வழியாக நிறைய நடக்கிறது, அவர்களுக்குப் புரியும். இரண்டாவதில் ஒரு நிர்வாணக் குளியல் காட்சியும் ஒரு தற்கொலையும் உண்டு. அது பெரியவர்களுக்கு.

---

இனி வருவது முழுக்கதையும் தெரிந்தவர்களுக்கு. படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

ஊற்று இருப்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் சொல்லவில்லை?

தெரியும். எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான், இந்தப் படங்களின் மையமும் இதுதான் என்பது என் எண்ணம்.

பழைய ஆட்கள் பலருக்கும் அந்த நிலத்தில் ஊற்று இருந்தது நினைவிருக்கிறது. கூன் முதுகோடு ஒருவர் நாள் முழுக்கத் தொலைதூரத்து ஊற்றிலிருந்து தண்ணீர் சுமப்பதையும், பின்னால் மனைவியும் குழந்தையும் சுமந்து வருவதையும் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை போதும். ஒருவரும் சொல்லவில்லை.

ஏன்? 'அடுத்தவர் விஷயத்தில் தலையிடக்கூடாது' என்பது அந்த ஊரின் வேதம். அது ஒன்று. ழான் வெளியூர்க்காரர், அதுவும் ஆகாத ஊரான கிரெஸ்பானிலிருந்து வந்தவர், அதற்குமேல் வரி வசூலித்தவர், அதற்குமேல் கூனர். இது இரண்டாவது. அவர் நம்மூர் ஃப்ளோரெட்டின் பிள்ளை என்ற உண்மையைப் பாப்பேயும் உகோலினும் ஊருக்குச் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். வெளியூர்க்காரன் என்றால் கேட்பாரில்லை என்று பாப்பேக்குத் தெரியும். பிறகு இன்னொரு காரணம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: சூபேரான்கள் பணக்காரர்கள். பாப்பேயின் முகத்தைப் பார்த்து எதிர்த்துப் பேசும் தைரியம் யாருக்கும் இல்லை.

இவற்றில் எதுவும் தனியாக ஒரு கொலைக்குச் சமமில்லை. எல்லோரும் தலைக்கு ஒரு சின்ன மௌனம் போட்டார்கள், அவ்வளவுதான். சேர்ந்தபோது ஓர் ஆளின் உயிரை எடுத்துவிட்டது. இரண்டாம் படத்தில் வேட்டைக்காரர்கள் இருவர் பேசுவதை மனோன் ஒளிந்திருந்து கேட்கும் காட்சியில் அவளுக்குப் புதிதாகத் தெரியவருவது இதுதான். சூபேரான்கள் செய்தது அவளுக்குச் சிறுமியாக இருந்தபோதே தெரியும். ஊரே கூட்டு என்பதுதான் புதிது.

பாப்பே நேரடியாக நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கலாமே?

பணம் அவரிடம் இருந்தது. அதனால்தான் இது பேராசையின் கதை. இல்லாமை அவரைத் தள்ளவில்லை. எட்டில் கிடைப்பதை ஏன் பத்துக்கு வாங்கவேண்டும் என்ற கணக்குத்தான். கிணறு வெட்ட ழான் கடன் தேடும்போது, நிலத்தின் பேரில் கடன் கொடுப்பவரும் பாப்பேயேதான். கட்டினால் வட்டி, கட்டாவிட்டால் நிலம். எந்தப் பக்கம் விழுந்தாலும் லாபம்.

ஆனால் அவரிடம் கேட்டால் பேராசை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். குடும்பத்துக்காக என்பார். சூபேரான் வம்சத்தில் மிச்சம் அவரும் உகோலினும்தான். உகோலின் பணக்காரனாகி, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, பேர் நிலைக்கவேண்டும். அந்தக் கிழவர் தனக்காக ஒரு சட்டைகூட வாங்கிக்கொள்வதாகத் தெரியவில்லை. எல்லாம் வரப்போகும் பேரன்களுக்கு. வம்சத்துக்கு என்று சொல்லிவிட்டால் எதையும் செய்யலாம் என்ற அனுமதி அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

உகோலின் நல்லவனா, கெட்டவனா?

ழான் வந்த முதல் நாளிலிருந்து நண்பனாக நடிக்கிறான். உதவி செய்வதுபோல் போய் வேவு பார்க்கிறான். கோவேறு கழுதையை இரவல் கேட்டால் பாப்பே சொல்படி இழுத்தடிக்கிறான். ஆனால் நடிப்பு எங்கே முடிகிறது, நிஜம் எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கே தெரியாமல் போய்விடுகிறது. ழான் அவனைச் சரிசமமாக நடத்துகிறார், மேஜையில் உட்கார வைக்கிறார், ஒயின் ஊற்றுகிறார். வாழ்க்கையில் அவனிடம் அப்படி யாரும் நடந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

ழான் இயற்கையோடு ஒட்டிய 'அசலான' வாழ்க்கையை வளர்க்கப்போவதாகச் சொல்கிறார். உகோலின் ஓடிப்போய் பாப்பேயிடம், 'அசல்' என்று ஏதோ ஒரு செடியை எங்கும் பயிரிடப் போகிறாராம் என்று சொல்கிறான். சிரிப்பு வரும் இடம். ஆனால் அவன் அதை ஒரு பயிராக நினைத்துக் கவலைப்படும்போது எனக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது. அசலான ஒன்று அவனுக்கு அறிமுகமே இல்லை.

ழான் இறந்ததும் உகோலின் அழுகிறான். ஏன் அழுகிறாய் என்று பாப்பே கேட்க, நான் அழவில்லை, என் கண்கள்தான் அழுகின்றன என்கிறான். அதன் பிறகும் ஊற்றைத் திறக்கப் போகிறான். பாப்பே அந்த நீரை அவன் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் செய்து, கார்னேஷன்களின் ராஜா என்று பட்டம் சூட்டுகிறார். அவன் சிரிக்கிறான். கெட்டவன்தான். ஆனால் தன் கெட்டதனத்தைத் தாங்கும் தோல் அவனுக்கு இல்லை. பாப்பேக்கு இருந்தது.

இரண்டாம் படத்தில் மனோன்மேல் அவன் கொள்ளும் காதல் அருவருப்பாக இருந்தது என்று பலர் சொன்னார்கள். அவளுடைய ரிப்பனை மார்புத் தோலோடு ஊசியால் தைத்துக்கொள்ளும் காட்சியைச் சிலர் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். எனக்கு அது காதலாக மட்டும் தெரியவில்லை. தான் அழித்த வீட்டின் பெண்ணிடம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, அவள் கையால் மன்னிப்பு வாங்கிவிடலாம் என்ற ஏக்கமும் அதில் இருக்கிறது. அவன் கேட்கும் விதம்தான் எல்லாமே தப்பு. ஊர்முன் அவள் மறுத்ததும், அவள் குழந்தையாக ஊஞ்சலாடிய மரத்திலேயே தூக்குப் போட்டுக்கொள்கிறான். நிலத்தை அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறான்.

ழான் கொஞ்சம் முட்டாள் இல்லையா? புத்தகத்தை வைத்து முயல் வளர்க்க வந்தவர்தானே?

இதை யார் சொன்னாலும் நான் சண்டை போடுவேன். அவர் கணக்கில் தப்பே இல்லை. எத்தனை முயல், எத்தனை தீவனம், எத்தனை மழைநாள் என்று முறையாகப் போட்டிருக்கிறார். நீர் வேறு யாராலோ திருடப்பட்டிருக்கிறது என்ற ஒரே ஒரு தகவல்தான் அவரிடம் இல்லை. ஊற்று மட்டும் திறந்திருந்தால், அந்த ஊரிலேயே செழிப்பான பண்ணை அவருடையதாக இருந்திருக்கும். முதல் வருடம் நன்றாகத்தான் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மழை மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் கொட்டிவிட்டு இவர் நிலத்துக்கு வராமல் போகும்போது, வானத்தைப் பார்த்து, மேலே யாருமே இல்லையா என்று கத்துகிறாரே, அந்தக் காட்சியில் கேட்கவேண்டிய காதுகள் மேலே இல்லை. கீழே, கூப்பிடு தூரத்தில் இருந்தன.

மனோன் ஊர் ஊற்றை அடைத்தது நியாயமா?

ஆட்டைத் தேடிப் போய்ப் பிளவுக்குள் இறங்கியவள், ஊருக்கே நீர் கொடுக்கும் ஊற்றின் மூலத்தைக் கண்டுபிடிக்கிறாள். கல்லையும் களிமண்ணையும் போட்டு அடைக்கிறாள். தன் அப்பாவுக்குச் செய்ததை ஊருக்கே அளந்து கொடுக்கிறாள். குழந்தைகளுக்கும் கால்நடைக்கும் சேர்த்து என்பது உண்மை, அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் இதைக் கவனியுங்கள். ஊரின் தொட்டி வறண்டதும்தான் எல்லோருக்கும் மனசாட்சி ஊறத் தொடங்குகிறது. பாதிரியார் பாவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், பழைய சாட்சி வாயைத் திறக்கிறது. கேட்க வழியே இல்லாத ஒரு பெண் ஓர் ஊரைப் பேச வைத்தாள். பள்ளி ஆசிரியர் பெர்னார் எடுத்துச் சொன்னதும் அவளே போய்த் திறந்தும் விடுகிறாள். ஊர்வலத்தின் நடுவே நீர் வருகிறது. மக்கள் அதிசயம் என்கிறார்கள். பாப்பேயும் உகோலினும் திறந்தது நிலம் கைக்கு வந்தபிறகு. அவள் திறந்தது கைக்கு எதுவும் வராமல்.

கடைசியில் அந்தக் கண் தெரியாத பாட்டி சொன்னது சரியாகப் புரியவில்லை.

டெல்ஃபின் பாட்டி, ஃப்ளோரெட்டின் பழைய தோழி. பல வருடம் கழித்து ஊர் திரும்புகிறாள். பாப்பே இளைஞனாக ஆப்பிரிக்காவில் ராணுவத்தில் இருந்தபோது ஃப்ளோரெட் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். வயிற்றில் உன் பிள்ளை, திரும்பிவந்து என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாக ஒரு வார்த்தை எழுது, காத்திருக்கிறேன் என்று. அந்தக் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. பதில் வராததால் கருவைக் கலைக்க என்னென்னவோ செய்து பார்க்கிறாள். கலையவில்லை. அவசரமாக வெளியூர் ஆள் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். குழந்தை உயிரோடு பிறக்கிறது என்கிறாள் பாட்டி. ஆனால் கூன் முதுகோடு.

அவ்வளவுதான். வாரிசு இல்லையே என்று ஏங்கியவரின் ஒரே மகன்தான் ழான். வம்சத்துக்காக என்று சொல்லி அவர் கொன்றது வம்சத்தை. ழானுக்குப் பக்கத்தில்கூட அவர் ஒருநாளும் போகவில்லை. வேலை எல்லாம் உகோலின் வழியாகத்தான். போயிருந்தால் முகத்தில் ஏதாவது தெரிந்திருக்குமோ என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு. மோந்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார், பெரிய கதறல் ஏதும் இல்லை. உயிரோடு பிறந்ததா என்று கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிடுகிறது.

பிறகு எல்லாவற்றையும் மனோனுக்கு, தன் பேத்திக்கு, எழுதிவைத்துவிட்டுப் படுக்கிறார். ஃப்ளோரெட்டின் பழைய சீப்பு கூட இருக்கிறது.

அந்த இசை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதே?

வெர்டியின் 'விதியின் வலிமை' என்ற ஓபராவிலிருந்து எடுத்த மெட்டு. ழான்-குளோத் பெத்தி இந்தப் படங்களுக்காக அமைத்தார். ஹார்மோனிகா வாசித்தவர் பெல்ஜியத்தின் டூட்ஸ் தீலெமன்ஸ். ழான் மாலையில் வாசிப்பார், பிறகு மகள் மலையில் ஆடு மேய்த்தபடி வாசிப்பாள். எமே ஓபரா பாடகியாக இருந்தவள் என்பதால் அந்த மெட்டு அந்த வீட்டில் இருப்பது இயல்பாகவே இருக்கிறது.

அந்த ஊருக்குப் போய்ப் பார்க்க முடியுமா?

கதை நடக்கும் லே பஸ்தீத் பிளான்ஷ் என்ற ஊர் கற்பனை. ஊர்க் காட்சிகளை வோக்ளூஸ் பகுதியில் உள்ள மிராபோ கிராமத்தில் எடுத்தார்கள். சந்தைக் காட்சி சோமியேர் நகரத்தில். பன்யோலின் நிஜமான மலைகளைப் பார்க்கவேண்டுமென்றால் ஓபாஞ்சுக்கும் லா த்ரேய் கிராமத்துக்கும் போகவேண்டும். கார்லாபான் மலை அங்கேதான். பன்யோலின் கல்லறையும் லா த்ரேயில்தான். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் மலைப்பாதைகளை மூடிவிடுவது உண்டு, பார்த்துத் திட்டமிடுங்கள்.

இரண்டாம் முறை பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

முதல் படத்தின் கடைசி நிமிடங்கள். ஊற்றைத் திறக்கும் இரண்டு பேரையும் சின்ன மனோன் மறைந்திருந்து பார்க்கிறாள். அவளிடமிருந்து ஒரு அலறல் வருகிறது. மலை முழுக்க எதிரொலிக்கிறது. தண்ணீரில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் இருவரும் ஒரு நொடி நிமிர்ந்து கேட்கிறார்கள். ஏதோ பருந்து இரையைப் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரைப் பார்க்கக் குனிந்துகொள்கிறார்கள். பாப்பே தன் பேத்தியின் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை.